பினாங்கு மாமாவுக்கு நம்ம ஜார்ஜ் டவுனை எப்படிக் காட்டுவது?

உங்கள் கேள்வி இது: பினாங்கிலிருந்து தாய்மாமா வருகிறார். எழுபது தாண்டிவிட்டது, ஆனாலும் நன்றாக நடப்பார். அங்கே ஜார்ஜ் டவுனில் கைடு வைத்துத் தெருத்தெருவாகப் பார்த்தவர். "உங்க சென்னையிலயும் ஒரு ஜார்ஜ் டவுன் இருக்காமே, அதைக் காட்டு" என்கிறார். எங்கே தொடங்குவது, கைடு தேவையா, ஒரு காலைப்பொழுது போதுமா?

ஒரு காலையும், முடிந்தால் அன்றைய சாயங்காலத்தில் ஒரு மணி நேரமும் போதும். ஆனால் மாமாவை முன்கூட்டியே தயார்ப்படுத்திவிடுங்கள். அவர் ஊர் ஜார்ஜ் டவுன் 2008இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. சுவரெல்லாம் ஓவியம், மூலைக்கு மூலை விளக்கப் பலகை. நம்முடையதில் பலகை கிடையாது. நின்று அண்ணாந்து பார்த்தால் பின்னாலிருந்து "ஓரம், ஓரம்" என்று மூட்டையோடு ஒருவர் இடித்துக்கொண்டு போவார். வயதில் நாம்தான் மூத்தவர்கள். கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் இங்கே மணல்மேட்டைக் குத்தகைக்கு வாங்கியது 1639, பினாங்கில் இறங்கியது 1786. பெயரில் மட்டும் அவர்கள் அண்ணன்: அங்கே மூன்றாம் ஜார்ஜ், இங்கே ஐந்தாம் ஜார்ஜ். அதுவரை இதைக் கருப்பர் நகரம் என்றுதான் வெள்ளைக்காரன் வரைபடத்தில் எழுதி வைத்திருந்தான்.

கைடு வேண்டுமா என்றால், நல்லவர் கிடைத்தால் வையுங்கள். காரணம், இந்தப் பேட்டையில் எதுவுமே முதலில் இருந்த இடத்தில் இல்லை. ஊர் நகர்ந்தது, கோயில்கள் நகர்ந்தன, கலங்கரை விளக்கம் மூன்று தடவை நகர்ந்தது, கடலே நகர்ந்துவிட்டது. கண்ணுக்கு எதிரே இருப்பதை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். அது முன்னே எங்கே இருந்தது என்று சொல்லத்தான் ஆள் வேண்டும். சில வருஷம் முன்பு ஒரு நடையில் நானும் பணம் கட்டிப் போனேன். கைடு பையன் பாரிமுனைத் தூணைக் காட்டி, "இது ஒரு வெள்ளைக்காரத் துரையோட சமாதி" என்றான். கூட்டமே செல்போனைத் தூக்கிப் படம் எடுத்தது. நான் வாயைத் திறக்கவில்லை, வீட்டுக்கு வந்த பிறகு அதற்காக என்மேலேயே கோபம் வந்தது. ஆகவே கைடு பேசும்போது ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "அப்போ கடல் எதுவரைக்கும் வந்தது?" சட்டென்று பதில் சொன்னால் அவரை நம்பலாம். ஆகஸ்ட் 22ஐ ஒட்டிச் சென்னை தினக் கொண்டாட்டத்தில் நல்ல நடைகள் நிறைய நடக்கும். மாமா அப்போது வருகிறார் என்றால் அதிர்ஷ்டம்தான். இல்லாவிட்டால் நான் சொல்லும் வழியே நீங்களே கூட்டிப்போகலாம்.

கிழமை பற்றி ஒரு வார்த்தை. ஞாயிற்றுக்கிழமை போகச் சொல்பவர்கள் உண்டு, தெரு காலியாக இருக்கும் என்று. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. கடை அடைத்த ஜார்ஜ் டவுன் வெறும் ஷட்டர் வரிசை. வேலை நாளில் காலை ஏழு மணிக்குத் தொடங்குங்கள். முதல் பாதி அமைதியாகக் கழியும், கடைகள் திறக்கும் நேரத்துக்குச் சந்தைத் தெருக்களுக்குள் போய்விடலாம். ஹைகோர்ட் மெட்ரோவில் இறங்கினால் பாரிமுனை கூப்பிடு தூரம்.

அங்கேதான் அந்தத் தூண். 1940இல் கட்டி முடித்த டேர் ஹவுஸ் கட்டடத்தின் ஓரம், கம்பி வேலிக்குள், யாரும் திரும்பிப் பார்க்காமல் நிற்கிறது. சமாதி இல்லை, எல்லைக்கல். கதை இப்படி. புனித ஜார்ஜ் கோட்டையை ஒட்டி வடக்கே, இப்போது ஹைகோர்ட்டும் பழைய சட்டக் கல்லூரிக் கட்டடமும் இருக்கும் மண்ணில்தான் முதல் ஊர் இருந்தது. நெசவாளிகளும் சாயக்காரர்களும் துரைமாருக்கு மொழிபெயர்த்துத் தரகு பார்த்த துபாஷிகளும் அங்கேதான் குடியிருந்தார்கள். 1746இல் பிரெஞ்சுக்காரர்கள் கோட்டையைப் பிடித்தார்கள், 1749இல் திருப்பிக் கொடுத்தார்கள். மறுபடி 1758 கடைசியில் பிரெஞ்சுத் தளபதி லாலி வந்து முற்றுகை போட்டான். கோட்டைச் சுவரை ஒட்டி வீடுகள் இருந்தால் எதிரி அதில் ஒளிந்துகொண்டு சுடுவான் என்பது அந்தச் சண்டைகளில் படித்த பாடம். அதனால் பழைய ஊரைத் தரைமட்டமாக்கி, பீரங்கிக் குண்டு தடையில்லாமல் பாய வெட்டவெளி விட்டார்கள். இதற்கு இந்தப் பக்கம் ஒருவனும் வீடு கட்டக்கூடாது என்று 1773இல் ஆறு தூண்கள் நட்டார்கள். மிஞ்சியது இது ஒன்று. மாமாவைத் தூணுக்குப் பக்கத்தில் நிறுத்தித் தெற்கே பார்க்கச் சொல்லுங்கள். செங்கல் சிவப்பில் கோபுரம் கோபுரமாக எழும் ஹைகோர்ட் 1892இல் வந்தது. அதற்கு முன்னால் நூறு வருஷத்துக்கு மேல் அது வெறும் பொட்டல். பொட்டலுக்கும் முன்னால் ஒரு ஊர்.

ஹைகோர்ட்டுக்குள் நுழைவது வழக்குக்காரர்களுக்கே பாடு. வெளியிலிருந்து இரண்டு விஷயம் காட்டினால் போதும். வளாகத்துக்குள் தனியாக நிற்கும் உயரமான கல்தூண் 1844இன் கலங்கரை விளக்கம். அதற்கு முந்தைய விளக்கு 1796 முதல் கோட்டைக்குள்ளே, இப்போது அருங்காட்சியகமாக இருக்கும் கட்டடத்தின் மாடியில் எரிந்தது. கல்தூணிலிருந்து 1894இல் கோர்ட்டின் பெரிய கோபுரத்துக்கு ஏறியது, 1977இல் மெரினாவுக்குப் போனது. நீதிபதிகளின் தலைக்கு மேல் எண்பது வருஷத்துக்கு மேல் கப்பலுக்கு விளக்கு எரிந்திருக்கிறது, யோசித்துப் பாருங்கள். இரண்டாவது, கிழக்குச் சுவரில் ஒரு கல்வெட்டு. 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மன் கப்பல் எம்டன் கரைக்கு அருகே வந்து எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டுக் கொளுத்தியபோது குண்டு விழுந்த இடம். பட்டணத்தில் பாதிப் பேர் வீட்டைப் பூட்டிக்கொண்டு ஓடினார்கள் என்று பாட்டிகள் சொல்வார்கள். "அவன் சரியான எம்டன்" என்று நாம் இன்றும் சொல்கிறோமே, அந்த எம்டன் இதுதான். மாமாவுக்கு இதில் கூடுதல் ருசி உண்டு: அடுத்த மாதமே அதே கப்பல் பினாங்குத் துறைமுகத்துக்குள் புகுந்து ஒரு ரஷ்யப் போர்க்கப்பலை மூழ்கடித்தது. அவர் ஊரிலும் எம்டன் கதை இருக்கும்.

ராஜாஜி சாலையில் வடக்கே கொஞ்சம் நடங்கள். அக்கவுண்ட் புக்கிலும் பழைய விலாசங்களிலும் இதற்கு ஃபர்ஸ்ட் லைன் பீச் என்று பெயர், தமிழில் முதல் கடற்கரைச் சாலை. ஆனால் கடற்கரை எங்கே? சாலைக்குக் கிழக்கே ரயில் பாதை, அதற்கப்பால் துறைமுக மதில். ஜெனரல் போஸ்ட் ஆபீஸ் 1884இல் திறந்தபோதும் அதன் முகம் கடலைப் பார்த்துத்தான் இருந்தது. 2000இல் ஒரு தீ விபத்து அதைச் சுட்டுவிட்டுப் போனது, முகப்பு தப்பித்தது. கொஞ்சம் தள்ளி இருக்கும் ஸ்டேட் வங்கிக் கட்டடத்துக்கும் 2014இல் அதே கதி.

சென்னை ஒரு துறைமுகப் பட்டணம் என்று சொல்கிறோமே தவிர, முதல் இருநூறு வருஷத்துக்கு மேல் இங்கே துறைமுகமே கிடையாது. நேரான மணல் கரை, ஓயாத அலை. கப்பல் தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். சரக்கும் சனமும் மசூலாப் படகில்தான் கரைக்கு வரவேண்டும். அந்தப் படகில் ஆணி கிடையாது. பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்திருப்பார்கள். ஆணி அடித்த படகு அலையில் மோதினால் பிளந்துவிடும், தைத்த படகு வளைந்து கொடுக்கும். கவர்னர் துரையாகவே இருந்தாலும் நனைந்துகொண்டு, படகோட்டியின் தோளைப் பிடித்துக்கொண்டுதான் இறங்க வேண்டும். படகோட்டிகள் கூலி பேசுவதே அலைக்கு நடுவில்தான் என்று துரைமார் புலம்பியிருக்கிறார்கள். எனக்கு அதில் ஒரு சின்னச் சந்தோஷம் உண்டு. 1861இல் இரும்புப் பாலம் ஒன்று கடலுக்குள் நீட்டினார்கள். பிறகு அலைத்தடுப்புச் சுவர் கட்டினால் 1881 புயல் அதை உடைத்தது, மறுபடி கட்டினார்கள். அந்தச் சுவர்தான் கடலை நகர்த்தியது. தெற்கிலிருந்து வடக்கே ஓடும் மணல் துறைமுகத்தில் முட்டி நின்றுவிட, தெற்கே மெரினா அகன்றது, வடக்கே ராயபுரம் பக்கம் கரை அரித்துக்கொண்டே போனது. மெரினாவில் சுண்டல் தின்ன நமக்கு இடம் கிடைத்தது அப்படித்தான்.

இனி உள்ளே திரும்பலாம். தம்புச்செட்டித் தெருவில் காளிகாம்பாள் கோயில். இதுவும் கோட்டைப் பக்கத்திலிருந்து இங்கே வந்த அம்மன்தான், கோட்டையம்மன் என்றே பழைய பெயர். விசுவகர்மா சமூகத்தாரின் கோயில். 1677 அக்டோபர் 3ஆம் தேதி சத்ரபதி சிவாஜி வந்து கும்பிட்டுப் போனதாகக் கோயிலில் எழுதி வைத்திருக்கிறார்கள். அந்த வருஷம் அவர் தெற்கே படையெடுத்து வந்தது உண்மை. மற்றதைக் கோயில் சொல்கிறது, நானும் அப்படியே சொல்லிவிட்டுக் குங்குமம் வாங்கிக்கொள்வேன். பாரதியும் இந்தப் பக்கம் இருந்த காலத்தில் இங்கே வந்து நின்றவர். வெள்ளிக்கிழமை என்றால் கூட்டத்தில் மாட்டிக்கொள்வீர்கள்.

அடுத்த நிறுத்தத்துக்கு நேரம் ஒதுக்குங்கள், மற்ற எதைச் சுருக்கினாலும் இதைச் சுருக்காதீர்கள். அரண்மனைக்காரன் தெரு. எந்த அரண்மனை என்று தேடாதீர்கள். அர்மீனியன் தெரு என்பதுதான் நம் வாயில் அரண்மனைக்காரனாகிவிட்டது. தெருவின் இரைச்சலில் ஒரு மரக்கதவு. அதைத் தாண்டி நான்கு எட்டு வைத்தால் சத்தம் அறுந்துபோகும். 1772இல் கட்டிய அர்மீனிய மாதா கோயில். முற்றம், வெள்ளைச் சுவர், தனியாக நிற்கும் மணிக்கூண்டு, அதில் ஆறு மணிகள். தரையைப் பார்த்து நடங்கள், காலடியில் இருப்பவை கல்லறைகள். கொக்கி கொக்கியாக அர்மீனிய எழுத்து, சிலவற்றில் மண்டையோடும் தராசும் செதுக்கியிருக்கும். இறந்தவர் என்ன தொழில் செய்தார் என்பதற்கு எழுத்துத் தெரியாதவனுக்கும் குறிப்பு. நான் போகும்போதெல்லாம் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொள்வேன், யாரும் சொல்லவில்லை, கால் கூசுகிறது.

பட்டும் முத்தும் ரத்தினமும் விற்க வந்தவர்கள் இந்த அர்மீனியர்கள். கோஜா பெட்ரஸ் உஸ்கான் என்ற வியாபாரி சைதாப்பேட்டையில் அடையாற்றுக்கு 1726இல் பாலம் கட்டினார். பரங்கிமலைக்குப் படிக்கட்டும் அவர் உபயம். உலகத்தின் முதல் அர்மீனியப் பத்திரிகை வெளிவந்தது அர்மீனியாவில் இல்லை, இந்தப் பட்டணத்தில், 1794இல். அதை நடத்திய பாதிரியார் ஷ்மாவோனியன் இந்த வளாகத்திலேயே அடக்கமாகியிருக்கிறார். இன்று ஊரில் அர்மீனியர் என்று விரல் விட்டு எண்ணக்கூட ஆள் இல்லை. மாலையில் போய் ஏமாறாதீர்கள், காலையில்தான் திறந்திருக்கும். பக்கத்திலேயே அந்தோணியார் கோயில் என்று எல்லோரும் சொல்லும் கத்தோலிக்க மாதா கோயில். செவ்வாய்க்கிழமை சாதி மதம் பார்க்காமல் அங்கே மெழுகுவத்தி எரியும். அதே தெருவில் கச்சாலீஸ்வரர் கோயிலும் உண்டு. இத்தனையும் ஒரே தெருவில்.

பிராட்வேயைக் கடக்கும்போது, கடந்து முடித்த பிறகு, கதை சொல்லுங்கள். நடுவில் நின்று சொன்னால் மாமா மிஞ்சமாட்டார். இது முன்பு ஓடை. கிழக்கே முத்தியால்பேட்டை, மேற்கே பெத்துநாயக்கன்பேட்டை, நடுவில் பள்ளம். 1707 வாக்கில் வலங்கை, இடங்கை என்று இரண்டு கட்சியாக நின்ற சாதிகள் எந்தத் தெருவில் யார் கல்யாண ஊர்வலம் போவது என்று வெட்டுக்குத்து வரை போனபோது, கவர்னர் பிட் ஆளுக்கொரு பேட்டையாகப் பிரித்து விட்டார். வலங்கையினருக்குப் பெத்துநாயக்கன்பேட்டை, இடங்கையினருக்கு முத்தியால்பேட்டை. பிறகு ஸ்டீபன் பாப்ஹாம் என்ற வக்கீல் வந்து பள்ளத்தைத் தூர்த்துத் தெருவாக்கினார். அதனால் பாப்ஹாம்ஸ் பிராட்வே, இப்போது பிரகாசம் சாலை, டிக்கெட் கேட்கும் வாயில் என்றைக்கும் பிராட்வே. ஐப்பசி மழையில் இந்தப் பக்கம் முழங்கால் தண்ணீரில் நடந்தவன் நான். ஓடை தன் விலாசத்தை மறக்கவில்லை.

பத்தரை மணி ஆகியிருக்கும். கோடவுன் தெருவுக்குள் நுழையுங்கள். இந்தத் தெருவைப் பற்றிப் பேச வரலாறு தேவையில்லை. மீன்பாடி வண்டியில் ஆள் உயரத்துக்குத் துணி பேல் அடுக்கி, மேலே ஒரு பையன் உட்கார்ந்து விழாமல் பிடித்துக்கொண்டிருப்பான். கீழே மிதிப்பவர் மணி அடிக்கமாட்டார், நாக்கைச் சுழற்றி ஒரு சத்தம் கொடுப்பார், கூட்டம் தானாகப் பிளக்கும். கடை வாசலில் தலையணை மாதிரித் திண்டு, அதில் சேட்டு, எதிரே ஊரிலிருந்து வந்த ஜவுளிக்கடைக்காரர், நடுவில் பிரித்துப் போட்ட துணி. பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் துணியை ஒரு கசக்குக் கசக்கி, காதருகே வைத்து விட்டுவிட்டுத்தான் விலை கேட்பார் அவர். சத்தத்திலேயே பாலியஸ்டர் எவ்வளவு கலந்திருக்கிறது என்று தெரியுமாம். கம்பெனிக்காரன் 1639இல் இந்த மணலில் இறங்கியதே துணிக்காகத்தான். கல்யாணப் பத்திரிகைக்கு ஆண்டர்சன் தெரு, நாட்டு மருந்துக்கு ராசப்பச் செட்டித் தெரு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு தெரு. பந்தர் தெருவில் இன்றைக்கு ஃபேன்சி சாமான் மூட்டைகள். கீர்த்தனைகள் பாடிய தியாகராஜ சுவாமி சென்னைக்கு வந்தபோது கோவூர் சுந்தர முதலியார் வீட்டில் தங்கியது அந்தத் தெருவில்தான்.

போனவையும் உண்டு. கொத்தவால்சாவடிக் காய்கறி மண்டி 1996இல் கோயம்பேட்டுக்குப் போனது. 2002இல் வெளியூர் பஸ்களும் அதே வழியே போயின. மொத்தப் பூ வியாபாரம் பெரும்பாலும் போய்விட்டது, ஆனாலும் போலீஸ் ஸ்டேஷனுக்குப் பெயர் பூக்கடை.

பூக்கடைக்கு அருகே தேவராஜ முதலித் தெருவில் சென்னகேசவப் பெருமாளும் சென்னமல்லீஸ்வரரும் அடுத்தடுத்து இருக்கிறார்கள். பட்டணம் கோயில் என்று பெரியவர்கள் சொல்வார்கள். காலையில் தூணருகே நின்று பார்த்தீர்களே ஹைகோர்ட், அந்த இடத்தில் இருந்தவர்கள்தான் இவர்கள். 1757இல் கோயிலை இடித்தது கம்பெனி. மக்கள் முணுமுணுத்ததும் மாற்று நிலம் கொடுத்தது. கவர்னர் பிகட்டின் துபாஷியான மணலி முத்துக்கிருஷ்ண முதலியார் தன் பணத்தையும் போட்டு, ஊராரிடமும் வசூலித்து இரண்டையும் சேர்த்து இங்கே எழுப்பினார். ஒரே சுற்றில் பெருமாளும் சிவனும். மாமா பக்திமான் என்றால் இங்கே கால் மணி நேரம் உட்காரட்டும், திண்ணை குளிர்ச்சியாக இருக்கும்.

நடை பன்னிரண்டுக்குள் ராசப்பச் செட்டித் தெரு கந்தகோட்டத்தை எட்டிவிட வேண்டும், மதியம் நடை சாத்திவிடுவார்கள். ஏழுகிணறு வீராசாமிப் பிள்ளைத் தெருவில் வளர்ந்த ராமலிங்கம் என்ற சிறுவன் பள்ளிக்கூடம் போகாமல் வந்து நின்ற சந்நிதி. பின்னாளில் வள்ளலாரான அவர் இந்த முருகனைப் பாடியபோது ஊரைத் 'தருமமிகு சென்னை' என்றார். தங்கசாலைத் தெருவின் முறுக்கு சாண்ட்விச்சோடு காலை நடை முடிந்தது: இரண்டு முறுக்குக்கு நடுவே வெள்ளரி, தக்காளி, பச்சைச் சட்னி. மாமாவின் பல் உறுதி பார்த்து வாங்குங்கள். இன்னும் மேற்கே வால்டாக்ஸ் ரோடு. ஊரைச் சுற்றிச் சுவர் கட்டிய கம்பெனி அதற்கு வரி போடப் பார்த்தது. வரி வசூலாகவே இல்லை, பெயர் மட்டும் சாலைக்கு ஒட்டிக்கொண்டது. சுவரின் மிச்சம் வடக்கே பழைய ஜெயில் சாலையில் இருக்கிறது, மாமாவை வெயிலில் அங்கே இழுக்காதீர்கள். ஆட்டோ பிடித்து வீட்டுக்குப் போய்த் தூங்கட்டும்.

சாயங்காலம் ஐந்தரைக்கு மேல் பர்மா பஜார் பக்கம் திரும்பக் கூட்டிவாருங்கள். பர்மாவில் கடைகளை அரசு எடுத்துக்கொண்டபோது வெறுங்கையோடு கப்பலேறி வந்த தமிழர்களுக்காக 1969இல் வந்த கடைவரிசை. கூடவே வந்தது அத்தோ. தள்ளுவண்டியில் அண்டா நிறைய ஆரஞ்சு நிற நூடுல்ஸ். அதில் ஒரு பிடி எடுத்துத் தட்டில் போட்டு, முட்டைக்கோஸ், வறுத்த வெங்காயம், பூண்டு எண்ணெய், புளித்தண்ணீர், கொரகொரப்பாய் இடித்த மிளகாய், கடைசியில் பேஜோ என்ற மொறுமொறுப்பை நொறுக்கி. எல்லாம் கையாலேயே பிசைந்து நீட்டுவார்கள். பக்கத்தில் சுடச்சுட வாழைத்தண்டு சூப், கேட்காமலே மறுபடி ஊற்றுவார்கள். பினாங்கு மீயோடு ஒப்பிட்டு மாமா ஏதாவது சொல்வார், விடுங்கள். அவர் ஊர்ச் சூலியா தெருவில் கடை வைத்தவர்களின் சொந்தக்காரர்கள் இந்த மண்ணடியில் இருப்பார்கள், பேச்சுக் கொடுத்தால் யாராவது கிடைப்பார்கள்.

திரும்பும்போது துறைமுக மதில் பக்கம் ஒரு நிமிஷம் நில்லுங்கள். 1926 முதல் ஐம்பது வருஷம்போல ரஜுலா என்ற கப்பல் சென்னையிலிருந்து நாகப்பட்டினம், பினாங்கு வழியாகச் சிங்கப்பூருக்கு ஓடியது. உங்கள் மாமா வயதுக்காரர்கள் சின்னப் பிள்ளையாக அதில்தான் டெக்கில் பாய் விரித்துப் படுத்துக்கொண்டு போயிருப்பார்கள். அவரிடம் கேளுங்கள். அதற்குமேல் நீங்கள் பேச வேண்டியிருக்காது, கைடு அவர்தான்.